மூக்குத்தி மறைத்த வேர்

1982ஆம் வருடம். சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் மலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். மதுரை தல்லாகுளத்தில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். வயது முப்பது. இந்த வேலையில் என்னை மிஞ்ச மதுரையில் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. பல்லுக்கு எடுக்கும் ஃபிலிம் தீப்பெட்டி லேபிள் அளவுதான் இருக்கும். அதை வாய்க்குள் வைத்து, நோயாளியையே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெஷினின் கூம்பை வெளியிலிருந்து சரியான சாய்வில் வைக்க வேண்டும். சாய்வு கொஞ்சம் தப்பினாலும் படத்தில் பல் வெண்டைக்காயாக நீளும், இல்லாவிட்டால் குட்டையாகிப் போகும். எனக்குத் தப்பாது. டாக்டர் எனக்கு 'ஒரே ஷாட்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார். ஒரு ஆளுக்கு இரண்டாவது ஃபிலிம் எடுக்க நேர்ந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

இது போக எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சிலருக்குச் சில பற்கள் வெளியே முளைக்காமல், இடம் மாறி, தாடை எலும்புக்குள்ளேயே சாய்ந்தோ படுத்தோ கிடக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். அந்தப் பற்களின் வடிவத்தை டிரேசிங் பேப்பரில் வரைந்து வைப்பேன். ஒரு மரப்பெட்டிக்குள் பல்பு மாட்டி, மேலே பால் கண்ணாடி போட்டு, அதன்மேல் ஃபிலிமை வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்துக் கூர்மையான பென்சிலால் கோடு இழுப்பேன். ஆணா பெண்ணா, வயது என்ன என்று ஓரத்தில் குறித்து, நோட்டில் ஒட்டி, பக்கத்திலேயே ஒரு சின்ன உறையில் ஃபிலிமையும் போட்டு வைப்பேன். நாலு வருடத்தில் நோட்டு நன்றாகத் தடித்துவிட்டது.

அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் நானே ஒன்றைக் கண்டுபிடித்தேன். மேல்வாயில் புதைந்து கிடக்கும் கோரைப்பல்லின் வேர், ஆண்களுக்கு நுனியில் வளைந்து நெளிந்து இருக்கிறது. பெண்களுக்குப் பெரும்பாலும் நேராக இருக்கிறது. டாக்டரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அடுத்த மாதம் மெட்ராஸில் பல் டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் வாசிப்பதற்கு இதையே கட்டுரையாக எழுதி டைப் அடித்து வைத்தார். அதில் என் பெயரையும் சொல்லப் போவதாகச் சொன்னார். நான் கோரிப்பாளையம் முக்கில் டீ குடிக்கும்போதுகூடத் தோளை நிமிர்த்திக்கொண்டு நின்ற நாட்கள் அவை.

இந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்தார். சமயநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். துணைக்கு மாமியாரும் வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தல்லாகுளத்திலேயே ஒரு அரசு அலுவலகத்தில் உத்தியோகம். நில வரைபடங்களைப் படியெடுக்கும் ட்ரேசர் வேலை. இடது பக்க மேல் கோரைப்பல் முளைக்கவே இல்லை. அந்த இடத்தில் பால் பல்லே இன்னும் ஆடிக்கொண்டு நின்றது. மேலண்ணம் அடிக்கடி வீங்கிச் சீழ் வைத்து அவரைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே பல் புதைந்திருக்கிறது, படம் எடுத்துவிட்டு ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

இரண்டு பக்க மூக்கிலும் பேசரி என்கிற கல் மூக்குத்தி போட்டிருந்தார். எட்டுக்கல் வைத்த நல்ல அகலமான பேசரி. கோரைப்பல்லுக்குப் படம் எடுக்கும்போது கூம்பை மூக்கின் ஓரத்துக்கு நேராகத்தான் வைப்போம். மூக்குத்தி இருந்தால் அதுவும் சேர்ந்து வெள்ளையாக விழும். அதனால் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன், "மூக்குத்தியைக் கழட்டுங்கம்மா."

அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் மாமியார் குறுக்கே வந்துவிட்டார். "ஏந்தம்பி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கழட்டச் சொல்றீக. கல்யாணத்துக்குப் போட்டது, திருகு வேற இறுகிக் கெடக்கு. ஆசாரிகிட்டப் போயி நாளைக்குக் கழட்டிட்டு வாரோம்."

வெளியே எட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இதற்கு முன்னும் யாராவது தயங்கினால் மூக்குத்தியோடேயே எடுத்திருக்கிறேன். "அதெல்லாம் வேணாம், இருக்கட்டும். நான் பாத்துக்குறேன்" என்று சொல்லி எடுத்துவிட்டேன். ஒரே ஷாட். படமும் பளிச்சென்று வந்தது. கோரைப்பல் உள்ளே சாய்ந்து நின்றது தெளிவாகத் தெரிந்தது. வேரின் நுனி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பேசரியின் வட்டம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. நான் வழக்கம்போல வேரின் இரண்டு கோடுகளையும் அந்த வட்டத்துக்குள் அப்படியே கொண்டுபோய் நுனியில் அழகாகச் சேர்த்து வரைந்து டாக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கள்கிழமை காலை டாக்டர் அந்தப் படத்தையும் என் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தப் பெண்ணுக்கு விளக்கினார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் முன்பல்லுக்கு ஒன்றும் ஆகாதே? டாக்டர் என் கோட்டின்மேல் விரலை ஓட்டிக் காட்டினார். வேர் நேராக இருக்கிறது, நெம்பி அப்படியே உருவிவிடலாம், பக்கத்துப் பல்லைத் தொடவே தொடாது என்றார். வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாயிற்று.

அவர் போகும் வழியில் என் அறை வாசலில் நின்றார். கையில் என் வரைபடம் இருந்தது.

"சார், ஒரு சந்தேகம். இந்த நுனி எங்கேருந்து வந்துச்சு?"

"எந்த நுனி?"

"வேரோட நுனிதான் சார். படத்துல இந்த இடம் பூரா மூக்குத்தி வெள்ளையால்ல இருக்கு? உங்க கோடு அதுக்குள்ள போயி முடிஞ்சிருக்கே."

"அதெல்லாம் அனுபவத்துல தெரியும்மா" என்றேன்.

அவர் விடவில்லை. "எங்க ஆபீஸ்ல அளக்காத இடத்துல முழுக்கோடு போட விடமாட்டாங்க சார். புள்ளிக்கோடுதான் வைக்கணும். முழுக்கோடு போட்டுட்டா பாக்குறவுக அதை அளந்ததுன்னு நம்பிருவாக. நாளைக்கு அதை வச்சு ரெண்டு வீட்டுக்குள்ள வெட்டுக்குத்தே வந்துரும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க நிலத்தைப் பாருங்கம்மா. பல்லை நான் பாத்துக்குறேன்" என்றேன். வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அவர் முகம் சிறுத்துப் போயிற்று. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "நான் நாள் பூரா அளவைச் சத்தமா வாசிச்சு ஒப்பிடுற வேலை பாக்குறேன் சார். முன்பல்லு போயிருச்சுன்னா வாயத் தொறக்க முடியாது. டாக்டர் உங்க கோட்டப் பாத்துத்தான் உருவிரலாம்னாரு. அந்தப் பல்லு எனக்கு வேணும். அம்புட்டுத்தான்." வரைபடத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மணிக்கு மருத்துவமனையைப் பூட்டினால் திறக்க நாலு ஆகும். டாக்டர் வீட்டுக்குப் போய்விடுவார். நான் தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்து வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்று மனசு பொருமிக்கொண்டிருந்தது. சரி, அவருக்கு வியாழக்கிழமை நாலு பெண்களின் படங்களைக் காட்டி வாயடைத்துவிடலாம் என்று நோட்டை எடுத்தேன். ஃபிலிம்களை உறையிலிருந்து உருவிப் பெட்டியின்மேல் வைத்து, பக்கத்தில் என் கோட்டையும் வைத்துப் பார்த்தேன்.

முதல் பெண்ணின் படம். வேர் நுனியில் வெள்ளை வட்டம். என் கோடு நேராக முடிந்திருந்தது. அடுத்தவர் ஒற்றைக்கல் போட்டவர். அவருக்குச் சின்ன வட்டம், அதற்குள்ளும் என் கோடு நேர். அகலமான பேசரி போட்டவர்களுக்கு வேரில் கால்வாசியே மறைந்திருந்தது. அங்கேயும் நான் அளவெடுத்த மாதிரி நேராக இழுத்து முடித்திருந்தேன். மூக்குக் குத்தாத பெண்கள் நாலைந்து பேரின் படங்களும் இருந்தன. அவர்களின் வேர்கள் ஆண்களுடையதைப் போலவேதான் வளைந்திருந்தன. இதெல்லாம் விதிவிலக்கு என்று என் கையெழுத்திலேயே ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன்!

பெண்களுக்கு வேர் நேராக இருக்கிறது என்பது என் கண்டுபிடிப்பு அல்ல. அது என் பென்சில் செய்த வேலை. மதுரைப் பெண்கள் மூக்குத்தி போட்டிருந்தார்கள், நான் மூக்குத்திக்குப் பின்னால் என் இஷ்டத்துக்கு வேர் வளர்த்திருந்தேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன கார்த்திகையில் ஒரு பெண்ணுக்கு இதே மாதிரிப் பல்லை எடுக்கும்போது வேர் நுனி ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. டாக்டர் வெகு நேரம் போராடித்தான் அதை எடுத்தார். நேரான வேர் எப்படி ஒடிந்தது என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். வெள்ளை வட்டம், அதற்குள் என் அழகான கோடு. வெட்கம் என்று சொன்னால் போதாது. அன்று கதவு வழியே பார்த்தபோது அந்தப் பெண் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது கண்ணிலேயே நின்றது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்ற எண்ணமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். புதன்கிழமை ஏதாவது காரணம் சொல்லி இன்னொரு படம் எடுத்துச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். நோட்டில் இருக்கும் தப்பு யாருக்கும் தெரியாது. ஆனால் டாக்டரின் கட்டுரை மெட்ராஸ் போய்விடும். அதை நம்பி வேறு யாரோ எங்கேயோ ஒரு பெண்ணின் வேர் நேராகத்தான் இருக்கும் என்று உருவுவார்கள். நாலு மணிக்கு டாக்டரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "நீ சாய்வை மாத்தி ரெண்டாவது படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் நுனியை வரைஞ்சிருக்கேன்னு நினைச்சேனேப்பா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, நான்தான் இரண்டாவது படம் எடுப்பதில்லையே என்றேன். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் அவர்தான் என்பது இருவருக்குமே அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து டைப் அடித்த கட்டுரையை வெளியே எடுத்தார். "மெட்ராஸ்ல எவனாவது எந்திரிச்சு, மூக்குத்தியைக் கழட்டிட்டு எடுத்தீங்களான்னு கேட்டிருந்தா என் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சிருப்பேன்?" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "போ, அந்தம்மா ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள போயிச் சொல்லு" என்றார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அலுவலகத்தில் நீள நீளமான மேஜைகள். மேலே கண்ணாடி, அடியில் டியூப்லைட். என் மரப்பெட்டியைப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்த மாதிரி இருந்தது. அவர் குனிந்து ஒரு ஓடையின் கரையை வரைந்துகொண்டிருந்தார். கரை ஓரிடத்தில் முழுக்கோடாக வந்து, பிறகு புள்ளி புள்ளியாகப் போய், மறுபடி முழுக்கோடாகத் தொடர்ந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"தப்பு என்னோடதும்மா" என்றேன். "உங்களை அப்படிப் பேசினதும் தப்பு. மூக்குத்தி இல்லாம இன்னொரு படம் எடுக்கணும். அதைப் பாத்தப்புறம்தான் டாக்டர் கை வைப்பாரு."

பக்கத்து மேஜைப் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "நாளைக்குச் செவ்வாக்கிழமை சார், அயித்தை ஒத்துக்கிட மாட்டாக. புதன்கிழமை காலைல கழட்டிட்டு வாரேன்" என்றார், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை கதவைத் திறக்கும்போதே மாமியாரும் மருமகளும் வாசலில் நின்றார்கள். மருமகளின் மூக்கில் பேசரி இல்லை. இரண்டு துளையிலும் வேப்பங்குச்சியைச் சீவிச் செருகியிருந்தார்கள். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மாமியார் சொன்னார், "ஓட்டை தூந்துரக் கூடாதுல்ல. நல்லாச் சீவி, வெந்நில போட்டு எடுத்துத்தேன் வச்சேன். இது படத்துல விழுகுமா தம்பி?"

"விழுகாதும்மா" என்றேன்.

"அன்னைக்கே நாளைக்குக் கழட்டிட்டு வாரோம்னுதானே சொன்னேன். நீங்கதேன் வேணாம்னுட்டீக. ஆசாரி தேங்காண்ணெய் விட்டு ஊற வச்சு அரை மணி நேரத்துல கழட்டிப்புட்டாரு. எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா சனிக்கிழமையே வந்திருப்போம்ல?"

மாமியார் என்றால் தடை சொல்லத்தான் வந்திருப்பார் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பார்க்காமல் போட்ட கோடுதான்.

அந்தப் பெண்ணை உட்கார வைத்து, ஃபிலிமை வைத்து, கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கூம்பை வேப்பங்குச்சிக்கு நேராக வைத்தேன். இருட்டறையில் சிவப்பு விளக்கில் ஃபிலிமை மருந்தில் அசைத்துக்கொண்டு நின்றபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என்ன வரப் போகிறது என்று தெரியாமல் நின்றேன். மெல்ல மெல்லப் பல் தெளிந்தது. வேர் நேராகப் போய், நுனிக்குக் கொஞ்சம் முன்னால் தூண்டில் முள் மாதிரி மடங்கி, முன்பல்லின் வேரை ஒட்டிக் கொக்கி போட்டுக்கொண்டு இருந்தது.

ஈரம் சொட்டும் ஃபிலிமைக் கிளிப்போடு டாக்டரிடம் கொண்டுபோனேன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நெம்பியிருந்தா முன்பல்லும் கூடவே வந்திருக்கும்ப்பா" என்றார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் ஒன்றே கால் மணி நேரம் நடந்தது. டாக்டர் அந்தப் பல்லை உள்ளேயே இரண்டாக வெட்டி, தலைப்பகுதியைத் தனியாகவும் கொக்கி வேரைத் தனியாகவும் எடுத்தார். எக்ஸ்ரே எடுப்பவனுக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வெளியே மாமியார் பேசரிகளை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அந்தப் பெண் முதலில் செய்தது, விரலால் முன்பல்லைத் தொட்டு மெல்ல அசைத்துப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தார். வாய் நிறையப் பஞ்சு. "ஆடல சார்" என்று சொன்னது எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். என் கண் கலங்கிவிட்டது. மருந்து நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வந்தபோது பேசரி பழையபடி மூக்கில் மின்னியது. அந்த வாரத்தில் நான் நோட்டில் இருந்த எல்லாப் பெண்களின் பக்கங்களையும் எடுத்து, வட்டத்துக்குள் போட்ட நுனிகளை ரப்பரால் அழித்து, புள்ளிக்கோடு வைத்திருந்தேன். அவரிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "இப்பத்தான் சார் இது ரெக்கார்டு" என்றார். மேலதிகாரி கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

டாக்டர் மெட்ராஸ் கூட்டத்துக்குப் போகத்தான் செய்தார். பழைய கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூக்குத்தி நிழல் எப்படி ஆளை ஏமாற்றும் என்பதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். கைதட்டல் பலமாக இருந்ததாம். எக்ஸ்ரே மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா வந்தது. அதில் கொதிக்க வைத்து உலர்த்திய வேப்பங்குச்சிகள் எப்போதும் இருக்கும். மூக்குத்தியை எதற்குக் கழற்ற வேண்டும் என்று வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் படத்தைக் காட்டியே சொல்வேன். கேட்ட பிறகு மாட்டேன் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. சிலர் வெள்ளி, செவ்வாய் மட்டும் வேண்டாம் என்பார்கள். மறுநாள் வரச் சொல்வேன். 'ஒரே ஷாட்' என்ற பட்டப்பெயர் போன இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் அந்த வேலை பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். இன்றைக்கும் எதையாவது அடித்துப் பேச வாயெடுத்தால், இதில் நான் கண்ணால் பார்த்தது எதுவரைக்கும் என்று ஒரு நொடி நின்று யோசிக்கிறேன். அந்த ஒரு நொடியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவர், ஓடைக்கரைக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான்.